யாரையும் விடாத மிஸ்

சமுதாயக் கூடத்தில் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நெம்மேலிக்குப் போகிற ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். கைதட்டல் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. பாலம் ஏறியதும் கடல்காற்று அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. என் வீடு எதிர்ப்பக்கம் இருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் பள்ளிக்கூடத்தில் கொடுத்த டி.சி., ஆதார் ஜெராக்ஸ், இரண்டு போட்டோ. எனக்குப் பதினெட்டு வயதாக இன்னும் மூன்று மாதம் இருந்தது.

பின்னால் ஸ்கூட்டர் சத்தம் வரும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். மிஸ் தேடிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். அவரைத் தெரிந்த யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். எங்கள் காலனியில் அவரைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் ஒன்றைத்தான் சொல்வார்கள். "அந்த மிஸ்ஸா? வுடமாட்டாங்க."

அவர் எங்களுக்குப் பாடம் நடத்தியதே இல்லை. இருந்தாலும் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய வேலைக்கு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். ஓ.எம்.ஆரில் இருக்கிற ஒரு கம்பெனி செலவுக்குக் கொடுக்கும். பஞ்சாயத்து கூடத்தைத் திறந்துவிடும். படூர் பக்கத்துக் காலேஜிலிருந்து பையன்களும் பெண்களும் சனி, ஞாயிறில் வந்து சொல்லிக்கொடுப்பார்கள். பள்ளிக்கூடம் யார் யார் பின்தங்கியிருக்கிறார்கள் என்று பட்டியல் தரும். இந்த நாலு தரப்பும் ஒன்றோடு ஒன்று பேசாது. நாலோடும் பேசுகிறவர் அவர்தான். நாற்பது வயதிருக்கும். குள்ளம். காட்டன் புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். ஹெல்மெட்டைக் கழற்றி முழங்கையில் மாட்டிக்கொண்டு, பால் கூடை தூக்குகிறவர் மாதிரி வீடு வீடாக நடப்பார்.

ஒவ்வொரு வீட்டிலும் முதலில் தண்ணீர் கேட்பார். கொண்டுவரும்வரை வாசலில் நிற்கமாட்டார். நேராக உள்ளே போய், குடத்தைத் தானே திறந்து, சொம்பில் மொண்டு, அண்ணாந்து குடிக்காமல் வாய் வைத்துக் குடிப்பார். ஊர்ப்பக்கத்து நிலக்காரக் குடும்பத்து அம்மா காலனி வீட்டுக் குடத்தில் கைவிடுவதை எங்கள் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. முதல் நாள் என் அம்மா பதறிப்போய், "இருங்க மிஸ், கடையில கலர் வாங்கியாரச் சொல்றேன்" என்றாள். "எனக்குத் தாகம், அஞ்சல. கலரு குடிச்சா தாகம் போகுமா?" என்றார் அவர். அம்மாவை அதுவரை அஞ்சலை என்று பேர் சொல்லிக் கூப்பிட்ட ஊர்க்காரர்கள் எல்லாரும் வேலை ஏவக் கூப்பிட்டவர்கள். அன்றைக்கு அந்தப் பேர் வேறு மாதிரி கேட்டது என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னை அவர் கண்டுபிடித்தது மாமல்லபுரத்தில், ஒரு சிற்பப் பட்டறையில். ஒன்பதாவதோடு நின்று, இரண்டு வருஷமாக மெருகு போடும் மெஷினைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். யாராவது சம்பாதிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கல்தூசியில் என் கண்ணிமை வெள்ளையாக இருக்கும். முதல் தடவை அவர் வந்தபோது சாப்பாட்டுக்குப் போகிற சாக்கில் பின்பக்கமாக ஓடினேன். இரண்டாவது தடவை லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டேன். ஐந்தாவது தடவை வந்தபோது பட்டறைக்காரரே முன்னால் வந்துவிட்டார்.

"இன்னாம்மா, பொண்ணு கேக்க வந்தா மாரி டெய்லி வந்துகினு கீற?"

"ஆமாங்கண்ணே. பையனக் குடுங்க, கூட்டிட்டுப் போயிடறேன். சீர் எதுவும் வேணாம்."

பட்டறையே சிரித்தது. பட்டறைக்காரரும் சிரித்துவிட்டார். "கூட்டினு போ தாயி. இவன் போட்ற மெருகுல அம்மன் சிலைக்கு மூக்கே தேஞ்சிபோவுது."

ஸ்கூட்டரில் திரும்பும்போது காற்றில் கத்திக்கொண்டே சொன்னார். "குணசேகரன், நான் யாரையும் விட்டுட்டுப் போறதில்ல. தெரிஞ்சிக்க." எல்லாருக்கும் நான் குணா. முழுப்பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். பத்தாவதில் என்னைச் சேர்த்தபோது தலைமையாசிரியர், "இவனுக்கு மீசை மொளச்சிடுச்சே மேடம்" என்று முகம் சுளித்தார். "மீசை இருந்தா பரீட்சை எழுதக்கூடாதுன்னு ரூல் இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் விண்ணப்பத்தை மேஜைமேல் வைத்தார்.

தினமும் சாயங்காலம் கூடத்தில் தலையை எண்ணுவார். ஒரு தலை குறைந்தாலும் பாடம் தொடங்காது. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு ஐப்பசி மழையில் ஸ்டீபன் வரவில்லை. ஸ்டீபன் எங்கள் தெருதான், என்னோடு பத்தாவது. ஏரி மதகில் கெளுத்தி பிடித்துக்கொண்டிருந்தான். மிஸ் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, அவனை மீன் பையோடு கொண்டுவந்தார்.

"மிஸ், கொயம்புக்கு எடுத்துனு போங்க. உயிரோட கீது."

"மொதல்ல ஏழாம் வாய்ப்பாடு. அப்புறம் கொழம்பு."

ஆறேழு நாற்பத்திரண்டில் அவன் மாட்டிக்கொண்டான். அதற்குள் பையிலிருந்து ஒரு மீன் துள்ளிக் கூடத்துக்கு நடுவில் விழுந்தது. பெண்பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறிவிட்டார்கள். மிஸ் அந்தக் கெளுத்தியை முள் குத்தாமல் பிடித்து ஸ்டீபன் கையில் கொடுத்துவிட்டு, "மறுபடியும் ஆறேழுலருந்து" என்றார். அப்படி ஒரு ஆள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாக்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். கைநாட்டு மைப்பெட்டியைக் கண்டால் அவருக்கு ஆகாது. என் அம்மாவுக்கு அஞ்சலை என்ற நாலு எழுத்துக்கு இரண்டு மாதம் பிடித்தது. 'ஞ்' வரும்போது பேனா எங்கெங்கோ சுற்றிக்கொண்டு போய் வெளியே வரத் தெரியாமல் நிற்கும். "எனுக்கு இந்தப் பேர வெச்சவங்க கையில கெடச்சா வுடமாட்டேன்" என்பாள். வேலைக்குப் போகிற வயலில் வரப்பு மண்ணில் குச்சியால் எழுதிப் பார்த்திருக்கிறாள். கூட வேலை செய்கிறவர்கள், "இன்னாடி அஞ்சல, பத்திரம் பதியப் போறியா?" என்று கேட்பார்களாம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுப் பேரையும் எழுதினாள். மிஸ் அந்தத் தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இனிமே நீ எங்கயும் கட்ட வெரல நீட்டக் கூடாது" என்றார்.

இதையெல்லாம் நான் இப்போது சொல்வது அவரைக் கெட்டவர் என்று யாரும் சுலபமாக முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காக. எனக்கே அது சுலபமாக வரவில்லை.

ஒரே ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். திருப்போரூருக்கு மேற்கே, மாடி வீடு. கூடத்திலிருந்து சார்ட் சுருள்களைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்டுக்கு வெளியே நின்றேன். வெயில். "தண்ணி குடிக்கிறியா குணசேகரன்?" என்று கேட்டு உள்ளே போனவர், பேப்பர் கப்பில் கொண்டுவந்தார். உள்ளே அவர் மாமியார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குடித்ததும் கப்பைக் கசக்கி எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வீட்டில் ஏதோ விசேஷம் நடந்து கப்பு மீந்திருக்கும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

அந்தச் சுருளில் இருந்தது அவருடைய கோடு. கூடத்துச் சுவரில் பெரிய சார்ட் ஒன்று மாட்டியிருந்தது. மேலே சிவப்புக் கோடு, எங்கள் வகுப்பில் நன்றாகப் படிக்கிறவர்களின் சராசரி மார்க். கீழே நீலக் கோடு, கூடத்துக்கு வருகிற பத்தாவதுக்காரர்கள் ஏழெட்டுப் பேரின் சராசரி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது இடைவெளி. மாதாமாதம் தேர்வு முடிந்ததும் கோடுகள் கொஞ்சம் நீளும். பரீட்சைக்கு முன்னால் இரண்டும் ஒன்றையொன்று தொட வேண்டும். கம்பெனியிலிருந்து வருகிறவர்கள் எங்கள் நோட்டைப் பார்க்கமாட்டார்கள். சார்ட்டுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

சராசரி என்றால் என்னவென்று படூர் காலேஜ் அண்ணன் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். ஐந்து பேரை வரிசையாக நிற்கவைத்து உயரத்தை அளந்து, கூட்டி வகுத்தார். "இப்ப இருக்கிறதிலேயே குள்ளமா இருக்கிற ஆளு உக்காந்தா சராசரி என்ன ஆகும்?" என்று கேட்டார். ஸ்டீபன் உட்கார்ந்தான். மீதி நாலு பேருக்குச் சராசரி போட்டுப் பார்த்தோம். ஏறியது. "பாத்தியா மச்சான், நா குந்திக்கினா நீங்கள்லாம் வளர்றீங்க" என்றான். சிரிப்பு அடங்க நேரமானது. மிஸ்ஸும் கதவருகில் நின்று சிரித்தார்.

அரையாண்டில் நான் தமிழ், அறிவியல், சமூக அறிவியல் மூன்றிலும் பாஸ். இங்கிலீஷும் கணக்கும் போய்விட்டன. கணக்கில் பாதி தூரம் வந்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் மெஷின் பிடித்த கைக்கு அது பெரிய விஷயம். ஸ்டீபனுக்கு மூன்று போயிற்று. நீலக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. கம்பெனிக்காரர்கள் வந்து பேசினபோது நான்தான் டீ கொண்டுபோனேன். வந்தவர் நல்ல மாதிரி. குரல் உயர்த்தவில்லை.

"எங்க மேல இருக்கறவங்க கேக்கறாங்க மேடம். கேப் அப்படியே இருந்தா, அடுத்த வருஷம் இதே ஊர்ல எதுக்குச் செய்யணும்னு."

மிஸ் டீயைக் குடிக்காமல் டம்ளரை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார். எதற்கும் உடனே பதில் கொடுக்கிற அவரை நான் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. தலைமையாசிரியர் டீயை எடுத்துக்கொண்டே, "பரீட்சைக்குப் பேர்ப் பட்டியல் போறதுக்கு இன்னும் டைம் இருக்கு மேடம்" என்றார். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. மிஸ்ஸுக்குத் தெரிந்தது. டம்ளரைத் திரும்ப வைக்கும்போது என்னைப் பார்த்தார். உடனே சார்ட்டைப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல உள்ளே போய்க் குடத்தில் மொண்டு குடித்தார். தரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"அஞ்சல, இவன் இப்ப ஸ்கூல் மூலமா எழுதி ஃபெயிலாயிட்டான்னா மனசு விட்டுடுவான். தனித்தேர்வரா எழுதட்டும். அதே பரீட்சை, அதே சர்டிபிகேட். செங்கல்பட்டுல போய்ப் பதிஞ்சா போதும். கூடத்துக்கு எப்பவும் போல வரட்டும்."

அம்மாவுக்கு என்னவோ சரியாகப் படவில்லை. "இன்னாத்துக்கு மிஸ் இஸ்கூல வுட்டு எட்த்துட்டு எழுதணும்? அங்கயே குந்தி எழுதட்டுமே. ஃபெயிலானா ஆவட்டும். ஊர்ல ஃபெயிலே ஆவலியா?"

மிஸ் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "மிஸ் சொன்னா போடும்மா. அவங்களுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்?"

அம்மா பேனாவை வாங்கினாள். முழங்காலில் பலகையை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். 'ஞ்' அன்றைக்கு ஒரே சுற்றில் வந்துவிட்டது. பயிற்சித் தாளுக்கு வெளியே அவள் தன் பேரை முதன்முதலாக எழுதியது அந்தத் தாளில்தான். எழுதி முடித்துவிட்டு மிஸ்ஸைப் பார்த்துச் சிரித்தாள். மிஸ் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

ஸ்டீபன் வீட்டிலும் அதே மாதிரி ஒரு தாள். டி.சி.யைக் கையில் வாங்கின அன்றைக்கே அவன் மாமாவோடு டெம்போவில் கிளீனராக ஏறிவிட்டான். செங்கல்பட்டுக்குக் கூப்பிட்டேன். "நீ போ மச்சான். என்ன குந்த வெச்சிட்டாங்கன்னு எனுக்கு அப்பவே தெரியும். ஒனுக்குத்தான் லேட்டு" என்றான். அவனுக்கு எப்போதும் இப்படித்தான் பேச்சு என்று நினைத்துக்கொண்டு நான் மட்டும் போனேன்.

செங்கல்பட்டில் அந்த அலுவலகத்தில் வரிசை பெரிதாக இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மா என் தாள்களைப் புரட்டினார். "சயின்ஸ் பிராக்டிகலுக்குப் பதிஞ்ச சீட்டு எங்கப்பா?"

"அது இன்னாதுங்க?"

"தனியா எழுதறவங்க மொதல்ல பிராக்டிகல் கிளாசுக்குப் பதியணும். அது பள்ளிக்கூடம் தொறந்த ரெண்டு மாசத்துலயே முடிஞ்சிடுச்சே. இந்த வருஷம் நீ எழுத முடியாது. இவ்ளோ நாள் ஸ்கூல்ல இருந்துட்டு இப்பப் போய் ஏன் டி.சி. வாங்கின?" டி.சி.யை இன்னொரு தடவை பார்த்தார். "பெற்றோர் விருப்பம்னு போட்டிருக்கே. உங்கம்மாவே எழுதிக் குடுத்து வாங்கியிருக்காங்க. அவங்களக் கேளு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தாள்களை ஓரம் சேர்த்து, நுனி மடங்காமல் கவரில் போட்டுக் கொடுத்தார்.

திருப்போரூர் பஸ்ஸில் வரும் வழியில் எனக்குக் கணக்கு தானாக வந்தது. குள்ளமாக இருக்கிறவன் உட்கார்ந்தால் சராசரி ஏறும். யாரும் ஒரு மார்க்குகூடக் கூடுதலாக வாங்க வேண்டியதில்லை. ஸ்டீபன் சொன்னதற்கு அப்போதுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. ஆனாலும் மிஸ்ஸுக்கு அந்தப் பிராக்டிகல் விஷயம் தெரியாமல் இருந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். தெரியாமல் செய்திருந்தால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கே வருவார். அந்த ஜன்னலில் நின்று, ரூல் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்பார். எப்படியாவது எழுதவைத்துவிடுவார். பஸ் இறங்கிக் கூடத்துக்கு ஓட்டமாகத்தான் போனேன்.

அன்றைக்குக் கூடத்தில் விழா. கம்பெனிக்காரர்கள், பஞ்சாயத்துத் தலைவர், தலைமையாசிரியர் எல்லாரும் வந்திருந்தார்கள். சுவரில் புது சார்ட். திருப்புதல் தேர்வு முடிந்து கோடு நீண்டிருந்தது. நீலம் மேலே ஏறிச் சிவப்பைத் தொட்டுவிட்டது. மிஸ் பட்டுப்புடவையில், வாசலில் யாரையோ வரவேற்க நின்றிருந்தார். காலில் அதே கான்வாஸ் ஷூ.

"மிஸ், பிராக்டிகல் பதிவு அப்பவே முடிஞ்சிடுச்சாம்."

அவர் சுற்றிப் பார்த்தார். என் கையைப் பிடித்துத் தூணோரம் கூட்டிக்கொண்டு போனார்.

"தெரியும் குணசேகரன்."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவருக்கு அதுவும் தெரியும்.

"தெரிஞ்சுதான் எங்கம்மாவ கையெழுத்து போடச் சொன்னீங்களா?"

"நீங்க ரெண்டு பேர் இருந்தா இந்தக் கூடத்தையே மூடிடுவாங்கடா. உள்ள பாரு, நாப்பது பேர் ஒக்காந்திருக்காங்க. ஒம்பதாவதுல இருக்கற பசங்க, எட்டாவதுல இருக்கற பொண்ணுங்க. அவங்கள நான் எங்க கொண்டுபோவேன்? நீயே சொல்லு."

"என்னக் கேட்டிருந்தீங்கன்னா நானே போயிருப்பேன் மிஸ்."

அது உண்மை. அவர் கேட்டிருந்தால் நான் போயிருப்பேன். அதைக் கேட்டதும் அவர் முகம் ஒரு நிமிஷம் எப்படியோ ஆனது. கண்ணில் தண்ணீர் வந்தது என்று எழுதினால் பொய். ஹெல்மெட் மாட்டுகிற கையை மட்டும் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"அடுத்த வருஷம் ஒன்ன எழுத வெப்பேன். மொதல் நாளே நானே வந்து பதிவேன். நான் விடமாட்டேன்." உள்ளே மைக்கில் அவர் பேரைக் கூப்பிட்டார்கள். "உள்ள வந்து ஒக்காரு. தண்ணி குடி. சாப்பாடு போடறாங்க, சாப்ட்டுட்டுப் போ. பேசலாம்."

அவர் மேடைக்குப் போனார். பிள்ளைகள் கைதட்டத் தொடங்கினார்கள். எனக்குத் தெரிந்த பிள்ளைகள், எல்லாரும் மனசாரத் தட்டினார்கள். நான் நெம்மேலி ரோட்டில் இறங்கினேன்.

வீட்டுக்குப் போகாததற்கு ஒரே காரணம்தான். அம்மா, "பதிஞ்சிட்டியாடா?" என்று கேட்பாள். நடந்ததைச் சொன்னால் அவள் மிஸ்ஸைத் திட்டமாட்டாள். தன் கையைத்தான் பார்ப்பாள். அந்தத் தாளில் பேர் எழுதச் சொன்னவன் நான்.

ஈ.சி.ஆருக்கு வந்து பஸ் பிடித்து மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் பார்த்துவிட்டேன். ஹோசூரில் இருந்திருக்கிறேன், திருப்பூரில் இருந்திருக்கிறேன். பத்தாவது எழுதவில்லை. கூடம் இன்னும் நடக்கிறது என்று கேள்வி. அங்கே படித்த ஒரு பெண் நர்ஸாக இருக்கிறாளாம். மிஸ் எங்கள் வீட்டுக்கு நாலைந்து தடவை வந்ததாகவும், அம்மா வாசலிலேயே நிற்கவைத்துச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததாகவும் ஸ்டீபன் போனில் சொன்னான். "குட்ச்சாங்களா?" என்று கேட்டேன். "குட்ச்சாங்க மச்சான். முழுசா குட்ச்சிட்டுத்தான் போனாங்க" என்றான்.

நான் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை கடற்கரையோரம் ஒரு பெரிய ஹோட்டலின் பின்பக்கக் கேட்டில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டுக்குப் பாத்திரம் கழுவ. சூப்பர்வைசர் என் ஆதார் ஜெராக்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பதினெட்டு ஆவலியேடா தம்பி. வேல இருக்குது. ஆனா வூட்ல யாராவது சம்மதம்னு கையெழுத்து போட்டுக் குடுக்கணும். இந்தா ஃபாரம். ஊட்டாண்ட போய் வாங்கினு மத்தியானம் வா."

ஃபாரத்தை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தேன். ஒரு டீக்கடையில் பேனா கேட்டேன். பெஞ்சில் வைத்து, பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் அஞ்சலை என்று நானே எழுதினேன். இன்னொரு தாளை அவளிடம் நீட்ட எனக்கு மனமில்லை. கடைக்காரர், "இன்னாப்பா, பரீட்சை எழுதறியா?" என்றார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். மத்தியானம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்க் கொடுத்தேன். சூப்பர்வைசர் பார்க்காமலே வாங்கிக் கோப்பில் செருகினார். உள்ளே காலையில் பிரியாணி செய்த அண்டா ஒன்று ஆள் உயரத்துக்குக் கிடந்தது. அதைப் படுக்கவைத்து, உள்ளே இறங்கி, அடிப்பிடித்ததைச் சுரண்ட ஆரம்பித்தேன்.